பச்சை உடம்பு, பழுப்புக் கை

நெருப்பெரிச்சல், திருப்பூர்
9 ஜூன் 2025

திரு. ஜெபக்குமார் அவர்களுக்கு,

தங்கள் மூன்று கடிதங்களும் வந்து சேர்ந்தன. போனில் தங்கள் எண்ணை ஏன் அடைத்து வைத்திருக்கிறேன் என்று மூன்றிலும் கேட்டிருக்கிறீர்கள். காரணம் சொல்கிறேன். பிப்ரவரியில், கப்பல் கரையில் நின்ற பார்வையாளர் நாளில், மஞ்சள் சட்டையும் காதடைப்பானுமாக, பின்னால் போர் விமானம் நிற்கக் கையை நீட்டிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துப் போட்டீர்கள். அதை எங்கள் மாமா ஆறுமுகசாமி கட்டிங் டேபிளில் ஆரம்பித்துப் பேக்கிங் வரைக்கும் தன் பனியன் கம்பெனி முழுக்கத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். கடைசியில் என்னிடம் வந்து நின்றார்.

"பாரு கண்ணு, நம்ம பிரிசில்லா பையன். ஏரோப்ளேனையே ஒத்தக் கையில நிறுத்தறானாமா. நேவி செலக்சனுக்கு நீயுந்தானப்பா கூடப் போனே, உனக்கு மட்டும் ஏன் கிடைக்கல?"

மார்பளவு பற்றவில்லை என்று பத்து வருடமாகச் சொல்லும் பதிலையே சொன்னேன். அன்றைக்கே உன் எண்ணை அடைத்தேன். மரியாதையாக எழுத ஆரம்பித்தேன், வரவில்லை, விடு.

எனக்குப் பொறாமைதான் ஜெபா. மூடி மறைக்க என்ன இருக்கிறது? மஞ்சள் சட்டை என்றால் என்னவென்று உனக்குச் சொன்னதே நான்தானே. பத்தாவது படிக்கும்போது அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் விமானந்தாங்கிக் கப்பலின் டெக்கை நான் வரைந்தேன். மஞ்சள் சட்டைக்காரன் கை காட்டினால்தான் விமானம் நகரும், பைலட்டே ஆனாலும் அவன் சொன்ன இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று சொன்னேன். நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய். கப்பல் என்றால் உனக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் உப்பு ஏற்றும் தோணி. இன்றைக்கு நீ அங்கே நிற்கிறாய், நான் இங்கே பனியனுக்கு நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ரொம்ப ஆடாதே. உன் கப்பலின் காலம் முடிந்துகொண்டு வருகிறது. கரையில் நிற்கும் ஒரு லாரியிலிருந்து கிளம்பி, ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து கப்பலை அடிக்கும் ஏவுகணைகள் வந்துவிட்டன. அத்தனை பெரிய இரும்பு இனிமேல் எதிரிக்கு நல்ல குறி, அவ்வளவுதான். போர் விமானமும் ஆளில்லாமல் பறக்கப் போகிறது. பைலட்டே வேண்டாம் என்று ஆன பிறகு, அவனுக்குக் கை காட்ட நீ எதற்கு? சீக்கிரமே ஊருக்கு வந்து பவர் டேபிளில் உட்காருவாய், தையல் நான் சொல்லித் தருகிறேன்.

ஒரு செய்தி. கப்பற்படைக்கு டெக் சட்டை தைக்கும் சோதனை ஆர்டர் மாமாவுக்குக் கிடைத்திருக்கிறது. ஏழு நிறம், முந்நூறு பீஸ், தீப்பிடிக்காத துணி. கடைசிச் சரிபார்ப்பு என் பொறுப்பு. நீ போட்டு மினுக்கப்போகும் சட்டை என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது.

வேல்குமார்


கடலில்
14 ஜூலை 2025

அன்புள்ள வேலு,

நீ திட்டியாவது எழுதினாயே, அதுவே போதும். அதை நாலு தடவை படித்தேன். பக்கத்துப் படுக்கைக்காரன் பரணி, பெண் யாராவது எழுதியதா என்று கேட்டான். ஆமாம், ரொம்பக் கோபக்காரப் பெண் என்றேன்.

கப்பலின் காலம் முடிந்துவிட்டது என்று எங்கள் மெஸ்ஸிலேயே இரண்டு கட்சி இருக்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஏவுகணை எவ்வளவு தூரம் பாய்ந்தாலும், நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அதற்கு முதலில் தெரிய வேண்டும். ஒரு நாளில் எண்ணூறு கிலோமீட்டர் நகர்ந்துவிடுகிறோம். பழைய விமானங்கள் ஓய்ந்துகொண்டிருக்கின்றன, புது ரகம் வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருக்கிறோம். ஆளில்லாத விமானம் வரட்டும், அதுவும் எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும்? வால் கொக்கி கம்பியில் மாட்டி, ஓடி வந்த விமானம் சட்டென்று நிற்கிறபோது உன் நோட்டுப் படம்தான் இன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. நீ வரைந்தது சரி, கம்பிகளை மட்டும் கொஞ்சம் நெருக்கிப் போட்டிருந்தாய்.

அந்த ஆளில்லா விமானம் இப்போதே எங்கள் டெக்கில் சோதனைக்கு வந்திருக்கிறது. பேப்பரிலேயே வந்த செய்தி, அதனால் எழுதுகிறேன். அதன் மூக்கில் ஒரு கேமரா இருக்கிறது. சட்டைக் கையின் நிறத்தையும் கை அசைவையும் பார்த்துத்தான் அது நடந்துகொள்ளும். மஞ்சள் கை அழைத்தால் நகரும். எஞ்சினைக் கிளப்பச் சொல்லும் உரிமை பழுப்புக் கைக்கு. பழுது பார்க்கும் பச்சைக் கை கிட்டே வந்தால் நின்றுவிட வேண்டும். நீங்கள் தைக்கும் முந்நூறும் இந்தச் சோதனைக்குத்தான். அதனால்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பச்சையையும் பழுப்பையும் நீ தனியாகப் பார்க்காதே.

உன் கண்ணுக்கு அவை இரண்டும் ஒன்று என்பது எனக்கு மட்டும் தெரிந்தது, எனக்குள்ளேயேதான் இருக்கிறது. பழனிக்கு நடக்கப் பச்சை வேட்டி என்று நினைத்து நீ பழுப்பு வேட்டி வாங்கி வந்தாய். கடைக்குப் போய் அதை மாற்றிக் கொடுத்தவன் நான். இப்போது நான் பக்கத்தில் இல்லை. அம்மா அதே செக்கிங் டேபிளில்தானே நிற்கிறாள், சும்மா பேச்சுவாக்கில் அவளிடம் ஒரு தடவை காட்டிவிடு.

பொறாமை உனக்கு மட்டும் என்று நினைக்காதே. அம்மாவுக்குக் கண்புரை எடுத்தபோது நான் நடுக்கடலில் இருந்தேன். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நீ, ராத்திரி பெஞ்சில் படுத்தது நீ. கட்டை அவிழ்த்ததும் அவள் முதலில் பார்த்தது உன் முகத்தை. எனக்கு எழுதும்போதெல்லாம் "வேலு தம்பி, வேலு தம்பி" என்றுதான் எழுதுகிறாள். படிக்கும்போது வயிறு எரிகிறது. நன்றி சொல்ல வேண்டியவன் எரிகிறேன், என்ன செய்ய?

ஜெபா


நெருப்பெரிச்சல்
2 ஆகஸ்ட் 2025

ஜெபா,

உனக்குள்ளேயே இருக்கிறதா? நன்றாக இருக்கிறது உன் கதை.

உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை காலை, செக்கிங் டேபிளில் முப்பது பேர் நிற்கும்போது, உன் அம்மா ஒரு பீஸைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார். "தம்பி, இதப் பாருமய்யா. உடம்பு ஒரு நெறம், கை வேற நெறமால்லா இருக்கு" என்கிறார். முந்தின நாள் உன் கடிதம் வருகிறது, மறுநாள் அவர் கேட்கிறார். நான் என்ன பச்சைப் பிள்ளையா? அவருக்கும் எழுதிவிட்டாய். என்னைப் பரீட்சை பார்க்கச் சொல்லியிருக்கிறாய்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "கண் ஆபரேஷன் பண்ணிட்டு வந்து எனக்குக் கலர் சொல்லித் தரீங்களா? நான் பாத்தாச்சுங்க, பேக் பண்ணுங்க" என்று கத்தினேன். அவர் பீஸை மடித்து வைத்துவிட்டுப் போனார். ஆமாம், கத்தினேன். என்னைக் கத்த வைத்தது நீ.

ஒன்றைத் தெரிந்துகொள். நான் கண்ணை நம்பி வேலை செய்வதில்லை. ஒவ்வொரு பண்டலிலும் சீட்டு ஒட்டியிருக்கும், அதில் நிறத்தின் பெயர் இருக்கும். பத்து வருடமாகச் சீட்டைப் படித்தே வேலை செய்கிறேன், ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லை. இந்தத் துணியில் பசை நிற்காமல் கொஞ்சம் சீட்டுகள் உதிர்ந்துவிட்டன, நானே எழுதி ஒட்டினேன். எல்லாம் சரியாகவே போயிருக்கிறது. முந்நூறு பீஸ், போன வாரமே லாரி ஏறிவிட்டது.

கோயமுத்தூர் என்று எழுதினாயே, அதனால் கேட்கிறேன். அங்கே கப்பற்படைத் தேர்வு முகாமில் புள்ளி புள்ளியாக நிறம் அப்பிய அட்டைகளைக் காட்டி, உள்ளே என்ன எண் என்று கேட்டார்களே, அந்த நாளை மறந்துவிட்டாயா? முதலில் உன்னைக் கூப்பிட்டார்கள். எண்களை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு வந்து, தண்ணீர் கேன் பக்கத்தில் எனக்குச் சொல்வதாகப் பேச்சு. நீ வெளியே வந்தாய். தண்ணீர் குடித்தாய். என்னைப் பார்த்தாய். அப்படியே கேட்டைத் தாண்டிப் போனாய். உள்ளே நான் முதல் அட்டையில் மட்டும் பன்னிரண்டு என்றேன், மற்றவற்றில் எனக்குப் புள்ளிதான் தெரிந்தது.

பத்து வருடம் இதைக் கேட்காமல் இருந்தேன். மறந்துவிட்டதாகச் சொன்னால் நம்ப மாட்டேன். உன் கப்பல் மூழ்கட்டும் என்று எழுத வந்தேன். அதில் நீ இருக்கிறாய், அதனால் எழுதவில்லை. அவ்வளவுதான் உனக்கு மிச்சம்.

வேல்குமார்


கடலில்
21 அக்டோபர் 2025

வேலு,

நேற்றுத் தீபாவளி. மெஸ்ஸில் குலாப் ஜாமூன் கொடுத்தார்கள். எனக்கு இறங்கவில்லை.

உங்கள் சட்டைகளைப் போன வாரம் கொடுத்தார்கள். அதிகாலையில் நாங்கள் உடை மாற்றும் இடத்தில் சிவப்பு விளக்குதான் எரியும், வெளியே போனால் இருட்டு கண்ணுக்குப் பழக வேண்டும் என்பதற்காக. பரணி பழுது பார்க்கும் ஆள், பச்சைச் சட்டை. புதுச் சட்டையை எடுத்து மாட்டி, அதற்கு மேல் கையில்லாத மிதவைக் கோட்டையும் போட்டுக்கொண்டு டெக்குக்குப் போனான். விடிந்துகொண்டிருந்தது. ஆளில்லா விமானம் ஓடுபாதையில் இறங்கி நின்று, ஓரமாக நகர்ந்துகொண்டிருந்தது. பரணி பக்கவாட்டில் போய்க் கையைத் தூக்கினான். கோட்டுக்கு வெளியே தெரிந்தது அவன் கை மட்டும்தான். அது பழுப்பு.

பச்சைக் கைக்கு நிற்க வேண்டிய விமானம், பழுப்புக் கையைப் பார்த்து எஞ்சின் வேகத்தைக் கூட்டியது. பரணி காற்றில் தள்ளப்பட்டு விழுந்தான். நான் மஞ்சள் கையை நீட்டிக்கொண்டு எதிரே ஓடினேன். அது நின்றது, ஆனால் ஓடுபாதையை அடைத்துக்கொண்டு நின்றது. அந்த நேரம் மேலே ஒரு போர் விமானம், உள்ளே ஆளோடு, இறங்க இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்ததால் அதைக் கரைக்கு அனுப்பினார்கள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. பரணிக்கு முழங்கையில் தோல் போனது, அவ்வளவுதான்.

பெட்டிகளைப் பிரித்தோம். பச்சை உடம்பும் பழுப்புக் கையுமாக நாற்பத்தொரு சட்டை. மடித்துப் பையில் போட்டிருந்ததால் மார்பு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள், குருடன் தைத்ததா என்றார்கள். இதைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடக்கூடியவன் ஒரே ஒருவன் என்று எனக்குத் தெரியும். நான் சிரிக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன். அந்தச் சிவப்பு விளக்கில் எனக்கும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அங்கே நாங்கள் எல்லோருமே நீதான். ஆனால் நாங்கள் வெளிச்சத்துக்கு வந்தால் தெரிந்துவிடும். உனக்குத் தெரியாது என்பதை நீ சொல்லித்தான் ஆக வேண்டும்.

அம்மாவுக்கு நான் எழுதவில்லை. வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்கிறேன். அவள் புதுக் கண்ணால் தானாகப் பார்த்ததைத்தான் உன்னிடம் வந்து சொல்லியிருக்கிறாள்.

இனி கோயமுத்தூர். நான் எதையும் மறக்கவில்லை. 12, 8, 29, 5, 3, 15, 74, 6, 45, 7. அதே வரிசை. இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன்.

அன்று காலை உங்கள் மாமா காரில் வந்தோம். வரிசையில் நின்றபோது ஓர் அதிகாரி கப்பல்களைப் பற்றிக் கேட்டார். நீ கடகடவென்று பதில் சொன்னாய். அவர் உன் தோளைத் தட்டி, பெரிய ஆளாக வருவாய் என்றார். பக்கத்தில் நின்ற என்னை அவர் பார்க்கவே இல்லை. பள்ளிக்கூடத்திலும் நான் வேலுவின் கூட்டாளிதான், கம்பெனியில் பிரிசில்லா மகன்தான். உள்ளே போய் அட்டையைப் பார்த்தபோதுதான், உன்னால் முடியாத ஒன்று என்னால் முடிகிறது என்று தெரிந்தது. இது ஒன்றாவது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்தேன். உன்னைப் பார்த்தேன். போய்விட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை, பொறாமைதான்.

இப்போது சட்டைகளைப் பற்றிய அறிக்கையை நான் எழுத வேண்டும். ‘தவறுக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. கவனக்குறைவு என்று எழுதினால் உங்கள் கம்பெனிக்கு இனிமேல் ஒரு ஆர்டரும் வராது. உண்மையை எழுதினால் பத்து வருடமாக நீ மறைத்தது ஊருக்குத் தெரியும். நவம்பர் இருபத்தைந்து வரைதான் நான் கையில் வைத்திருக்க முடியும். ஒரு தடவை உன்னைக் கேட்காமல் உன் வாழ்க்கையை முடிவு செய்துவிட்டேன். இந்தத் தடவை நீ சொல், என்ன எழுதட்டும்?

சட்டைகளைக் கிழித்து எஞ்சின் துடைக்கும் துணியாக்கச் சொல்லிவிட்டார்கள். கேட்டு, ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜெபா


நெருப்பெரிச்சல்
9 நவம்பர் 2025

ஜெபா,

உண்மையையே எழுது. சரிபார்த்த ஆளுக்குப் பச்சையும் பழுப்பும் பிரித்துத் தெரியாது, அதை அவன் மறைத்தான், தெரிந்தவர் சொன்னதையும் கேட்கவில்லை என்று எழுது. பெயரும் போடு. நான் இங்கே சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால், செக்கிங் டேபிளில் எல்லோரும் இருக்கும்போதே மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பரணி விழுந்ததையும் சொன்னேன். அவர் தன் சட்டையைப் பிடித்துக் காட்டி, "இதென்ன கலரு, சொல்லு" என்றார். நீலம் என்றேன். "இது ஊதாடா கண்ணு" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பத்து வருசமா உன்ர கையெழுத்துல சரக்கெல்லாம் ஜெர்மனிக்குப் போயிருக்குது. ஏஞ்சாமி, ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற வேல குடுத்திருக்க மாட்டனா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உன் அம்மா விடவில்லை. "கலர் தெரியாதது உம்ம குத்தம் இல்ல. ஆனா அன்னைக்கு இத்தன பேரு முன்னால என் கண்ணச் சொல்லி ஏசினீரே, அதுக்குப் பதில் சொல்லும்" என்றார். அதே முப்பது பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். சரி என்று சொல்லவில்லை, சாப்பிடப் போய்விட்டார். மறுநாள் ஒரு டப்பாவில் மீன்குழம்பு என் மேஜை மேல் இருந்தது. இனி நிறம் முழுக்க அவர் பொறுப்பு, அளவும் தையலும் என் பொறுப்பு. நாற்பத்தொரு சட்டையும் புதுத் துணியில் மறுபடி தைத்தாயிற்று. அவர் பார்த்து, அவர் பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். அடுத்த ஆர்டர் வருமா என்று தெரியாது. வராவிட்டால் அதற்கு நானே காரணம்.

இனி உன் கணக்கு. நீ அந்த எண்களைச் சொல்லியிருந்தால் நான் தேறியிருப்பேன். தேறி, அந்த டெக்கில் ஏதோ ஒரு நாள் பச்சையைப் பழுப்பு என்று நினைத்து யாரையாவது கொன்றிருப்பேன். இதை நாலு நாள் யோசித்தேன். யோசித்தும் கோபம் ஆறவில்லை. நீ என்னைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடவில்லை, எரிச்சலில் மூடினாய். நானும் எரிச்சலில்தான் உன் அம்மா வாயை அடைத்தேன். நாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. உன் மஞ்சள் சட்டை மேல் இன்னும் இருக்கிறது. இப்போது அந்த ஆளில்லா விமானத்தின் மேலும் வந்திருக்கிறது. எங்கோ பறந்துவிட்டு வந்து இறங்கி, என் கண்ணுக்குத் தெரியாததை ஒரு மெஷின் சரியாகப் பார்த்துவிடுகிறதே! கப்பல் இன்னும் முப்பது வருடம் ஓடும் என்று இப்போது எனக்கும் படுகிறது. ஆனால் இதை உன் மெஸ்ஸில் சொல்லிவிடாதே.

போனில் உன் எண் இன்னும் அடைத்துத்தான் இருக்கிறது. போனில் என்றால் நீ சிரித்துப் பேசியே சமாளித்துவிடுவாய். கடிதத்தில்தான் உண்மையைச் சொல்கிறாய், அதனால் கடிதமே எழுது.

நீ எடுத்து வைத்திருக்கும் சட்டையை எனக்கு அனுப்பு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும்போது அதைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன். தாராபுரம் ரோடு நெடுகப் பார்க்கிறவர்கள் எல்லாம் சிரிக்கட்டும். உன் கப்பலிலிருந்து எனக்கு வரப்போவது அது ஒன்றுதான். என் கண்ணுக்கு அது முழுக்க ஒரே நிறம்.

வேலு